அமில அலமாரியில் கரிமமும் கனிமமும்

ஆய்வகங்களின் வேதிப்பொருள் அறையைச் சோதிக்கப் போனால் நான் முதலில் திறப்பது அமில அலமாரியைத்தான். பல இடங்களில் நைட்ரிக் அமிலமும் அடர் அசிட்டிக் அமிலமும் ஒரே தட்டில் ஒட்டி நிற்கும். இரண்டும் அமிலம்தானே என்பார்கள். ஆனால் நைட்ரிக் அமிலம் கனிமச் சேர்மம், அசிட்டிக் அமிலம் கரிமச் சேர்மம். அடர் அசிட்டிக் அமிலத்தின் ஆவி சுமார் 39 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நைட்ரிக் அமிலம் எரியாது. ஆனால் எரியும் பொருளுக்கு ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும். புட்டிகள் உடைந்து இரண்டும் கலந்தால் தீ பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். பள்ளியில் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்த பாகுபாடு இங்கே உயிர் காக்கும் விஷயம்.

கார்பனை முதுகெலும்பாகக் கொண்டு, பெரும்பாலும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமைந்தவை கரிமச் சேர்மங்கள்; மற்றவை கனிமச் சேர்மங்கள். கார்பன் இருந்தாலே கரிமம் என்று சொல்லிவிட முடியாது. கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல், சோடியம் சயனைடு மூன்றிலும் கார்பன் உண்டு. ஆனாலும் கனிமப் பக்கமே வைக்கிறோம். உயிர்களால் மட்டுமே கரிமச் சேர்மங்களை உருவாக்க முடியும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர், கனிம உப்பான அம்மோனியம் சயனேட்டைத் தயாரிக்க முயன்றபோது, சிறுநீரில் இருக்கும் அதே யூரியா கிடைத்தது. ஆகவே இயற்கையில் வந்ததா, குடுவையில் வந்ததா என்பதை வைத்து ஒரு மூலக்கூறின் ஆபத்தை எடைபோட முடியாது.

சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி வேண்டும். குளுக்கோஸ் 150-க்குள் உருகிவிடும். உப்பில் அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. கரிம மூலக்கூறுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு, அதனால் எளிதில் ஆவியாகின்றன. அசிட்டோனின் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும். அதைச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது பாதுகாப்பு ஆகாது. உள்ளே இருக்கும் மின் சுவிட்சின் ஒரு பொறி போதும். விதிவிலக்குகளும் உண்டு: கார்பன் டெட்ராகுளோரைடு கரிமம்தான், ஆனால் எரியாது.

நச்சு என்று வந்தால்தான் பலருடைய கணக்கு தப்புகிறது. கனிமப் பாதரச உப்பு வயிற்றுக்குள் போனால் அதில் சிறு பங்கே உடலில் ஏறும். அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கரிம வடிவமான மெத்தில் பாதரசமோ சுமார் 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு மூளை வரை போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையில் வினையூக்கியாகப் போட்டது கனிமப் பாதரச சல்பேட். வினையின்போது அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாகி, கழிவுநீரோடு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களுக்கு வந்தது. அதனால் வந்த மினமாட்டா நோய் 1956-இல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1996-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் டைமெத்தில் பாதரசம் என்ற இன்னொரு கரிமப் பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தியது. அது லேட்டக்ஸ் கையுறையை ஊடுருவி உடலுக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

சரி, கரிமம்தான் கொடியது என்று முடிவு கட்டலாமா? ஆர்சனிக்கில் கதை தலைகீழ். கனிம ஆர்சனிக் புற்றுநோயை உண்டாக்கும். கடல் மீன்களில் இருக்கும் ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வடிவம் பெரிய தீங்கு செய்யாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் பரிசோதனை அறிக்கையில் 'மொத்த ஆர்சனிக்' என்று மட்டும் இருந்தால், எந்த வடிவம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கழிவுப் புட்டிகள். நைட்ரிக் அமிலக் கழிவு இருந்த புட்டியில் எத்தனாலையோ அசிட்டோனையோ ஊற்றி இறுக மூடினால், உள்ளே வாயு சேர்ந்து சில மணி நேரம் கழித்துக்கூடப் புட்டி வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் புட்டி வையுங்கள், முன்பு என்ன இருந்தது என்று தெரியாத புட்டியைத் தொடவே வேண்டாம். கலந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.