பொப் மீயதார்த்தம்: ‘மிகை’ எங்கே பிழைக்கிறது?

கொழும்பில் ஓவியக் கண்காட்சிகளுக்கு அச்சிடப்படும் தமிழ்க் குறிப்பேடுகளில், பொப் சர்ரியலிசம் என்பதற்கு நிகராகப் ‘பிரபல மிகை யதார்த்தவாதம்’ என்னும் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ‘பிரபல’வும் பிழை, ‘மிகை’யும் பிழை.

சர்ரியலிசம் என்னும் சொல்லின் மூலம் பிரெஞ்சு, அதில் ‘சுர்’ என்றால் மேல், அப்பால். 1917இல் கவிஞர் அப்பொலினேர் ஆக்கிய சொல்லை, 1924இல் அந்த்ரே பிரெத்தோன் தம் அறிக்கையால், கனவையும் அடிமனத்தையும் கலையாக்கும் ஓர் இயக்கத்தின் பெயராக்கினார். ‘பொப்’ பிற்காலத்து அடை. லொஸ் ஏஞ்சல்ஸில் காமிக்ஸ், விளம்பரம், பொம்மை ஆகியவற்றிலிருந்து கிளைத்து, ஓவியர் ரொபர்ட் வில்லியம்ஸ் முதலானோர் 1994இல் தொடங்கிய ‘ஜக்ஸ்டபோஸ்’ இதழால் பரவிய போக்கு அது.

‘மிகை’ அளவின் மிகுதியைக் குறிப்பது. யதார்த்தத்தை மிகுவித்தால் கிடைப்பது, தோலின் மயிர்த்துளையைக்கூடப் புகைப்படத்தை விஞ்சும் நுணுக்கத்துடன் வரையும் ஹைப்பர்ரியலிசம். மிகை யதார்த்தம் என்ற பெயர் அதற்கே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் மாணவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? 1998இல் தம் தனிக் கண்காட்சிக்கு ‘இறைச்சிக் காட்சி’ என்றே பெயரிட்ட பொப் சர்ரியலிச ஓவியர் மார்க் ரைடனின் படங்களில், பெருங்கண் சிறுமியர் பச்சை இறைச்சித் துண்டுகளின் நடுவே சலனமின்றி இருக்கின்றனர். உண்ணும் தசைக்கும் உயிருள்ள உடலுக்கும் உள்ள, நாம் நினைக்க விரும்பாத உறவு அந்தப் பொம்மை முகத்தின் அமைதியால்தான் நம்மை உலுக்குகிறது. டிஸ்னிலாந்துக்கு அருகே வளர்ந்த கமில் ரோஸ் கார்சியாவோ, தேவதைக் கதை நிலத்தில் நஞ்சுபோல் நிறத்தை வழியவிட்டு, நுகர்வு வாழ்வின் அச்சத்துக்கு அந்த இனிய உலகையே குறியீடாக்குகிறார். இவற்றில் மிகுந்திருப்பது யதார்த்தமா?

மேல் என்னும் பொருள் தரும் ‘மீ’ நம்மிடம் பழந்தமிழிலேயே உண்டு. செவிக்கு எட்டாத ஒலியை மீயொலி என்று ஏற்றுக்கொண்டோர் மீயதார்த்தம் என்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. வடசொல் வேண்டாதோர் மீமெய்ம்மை என்க. சிலர் வழங்கும் ‘அடிமன வெளிப்பாட்டியல்’ ஒரு விளக்கம், பெயராகாது. ‘வெளிப்பாட்டியல்’ எக்ஸ்பிரஷனிசம் என்னும் வேறோர் இயக்கத்துக்குரியதாகவும் ஆகிவிட்டது. ‘பிரபல’ என்றால் பெயர்பெற்ற என்றே பொருள்படும். பொப்பிசை என்று தலைமுறைகளாக வழங்கும் நாட்டில் ‘பொப்’ என்றே விடுவதில் இழுக்கில்லை.

இதே குறிப்பேடுகள் இவ்வோவியங்களில் ‘நவீன கவலை’யைக் காண்கின்றன. நம் பேச்சில் கவலை துக்கத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அங்ஸைட்டி எனப்படும், காரணம் இன்னதென்று பிடிபடாமலே நெஞ்சு படபடக்கும் நிலைக்கு, இங்குள்ள உளமருத்துவ எழுத்துகளில் பதகளிப்பு என்னும் செம்மையான சொல் இருக்கிறது. அகராதியின் முதற் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், தாம் பெயர்க்கும் ஓவியத்தை ஒருமுறையேனும் பார்த்திருந்தால் பதகளிப்பை விட்டுக் கவலையைத் தேர்ந்திருக்கமாட்டார்.