மலையேறும் காரின் இன்ஜின் வயரிங்குக்கு எந்த உறை?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். 1,200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், காற்றுத் தடை, டயர் உராய்வு எதையும் சேர்க்காமல், ஏறத்தாழ 22 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். வீட்டு கரண்ட் பில் கணக்கில் 6 யூனிட். பெட்ரோல் இன்ஜின் எரிக்கிற எரிபொருளில் கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதியெல்லாம் வெப்பம். அதாவது இந்த ஒரு ஏற்றத்தில் மட்டும் குறைந்தது 12 யூனிட் வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும், அதுவும் கல்லாறு தாண்டியதும் தொடங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது. அந்தச் சூட்டுக்கு நடுவில்தான் வயர்கள் ஓடுகின்றன.

பழைய வண்டிக்கு வயரிங் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கருப்பு ஃப்ளெக்ஸிபிள் பைப்பை ஒரு சுருள் வாங்கி எல்லா இடத்துக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பானட்டுக்கு அடியில் ஒவ்வொரு இடத்திலும் வயரைக் கெடுப்பது வேறு வேறு. ஓரிடத்தில் சூடு, இன்னோர் இடத்தில் உரசல், எங்கள் மலையில் எல்லா இடத்திலும் ஈரம். எது எங்கே கெடுக்கிறது என்று பார்த்த பிறகுதான் உறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

சூட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். சாதாரண பிவிசி வயரின் மேல்தோல் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையும்படி குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீன் வயர் 125 டிகிரி வரை. தாங்கும் என்றால் அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறியதும் உருகிவிடும் என்று அர்த்தமில்லை, ஆயுள் குறையும் என்று அர்த்தம். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அந்த மேல்தோலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பிவிசியை வளையும்படி மென்மையாக்கக் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது விறைத்த பிளாஸ்டிக். கையால் மடக்கினால் பொட்டென்று வெடிக்கிற பழைய வயரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

ஆனால் வெப்பம் வயரை வந்தடைய இரண்டு வழிகள் இருக்கின்றன, உறை தேர்வில் இந்த வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்று. இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் உலோகக் குழாயிலிருந்து, நேராகப் பாயும் கதிர்வீச்சு. கதிர்வீச்சு, பரப்பின் தனி வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) நான்காம் அடுக்கில் கூடும். மேனிஃபோல்ட் 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குப் போனால் வெப்பநிலை இரட்டிப்பானதாகத்தான் தோன்றும், கதிர்வீச்சோ ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடும். சமவெளியில் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்த வயர், நீலகிரிக்கு அடிக்கடி வரத் தொடங்கியதும் மேனிஃபோல்ட் பக்கம் மட்டும் கருகுவதற்கு இது ஒரு காரணம். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் காற்று எடுத்துக்கொண்டு போகும் வெப்பமும் குறையும். குளிர்ந்த காற்று என்பதால் அந்த இழப்பு ஓரளவுக்கு ஈடாகிறது. கதிர்வீச்சுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மலையிலும் கடற்கரையிலும் அது ஒன்றுதான்.

மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போகும் வயருக்கு அதனால் கருப்பு பைப் போதாது. கண்ணாடி இழையில் பின்னி, மேலே அலுமினியத் தகடு ஒட்டிய ஸ்லீவ் வேண்டும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: சூடான உலோகத்துக்கும் ஸ்லீவுக்கும் இடையில் காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஸ்லீவ் மேனிஃபோல்டைத் தொட்டுவிட்டால் பிரதிபலிக்க அங்கே எதுவுமே இல்லை, வெப்பம் நேராகக் கடத்தப்பட்டு உள்ளே போய்விடும். விலை கொடுத்து நல்ல ஸ்லீவ் வாங்கி, கிளிப் போடாமல் தொங்கவிட்டு, அது சரிந்து மேனிஃபோல்டின் மேலேயே படுத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். தள்ளிக் கட்டுங்கள், ஒரு விரல் இடைவெளி கூடப் பெரிய வித்தியாசம் செய்யும். சூடு உச்சத்துக்குப் போவதும் ஓடும்போது அல்ல. ஏறி வந்த களைப்பில் பர்லியாரில் வண்டியை நிறுத்தி உடனே ஆஃப் செய்தால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் நின்றுபோகும், இரும்பில் தேங்கிய வெப்பம் முழுவதும் பானட்டுக்குள் ஏறும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது வயரிங்குக்கும் நல்லது.

அடுத்தது உரசல். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும்போதே நொடிக்கு 27 தடவை எரிப்பு நடக்கிறது. ஒவ்வொரு எரிப்பும் ஒரு சின்ன உதறல். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, பாடி ஆடாமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் போகும் வயர்தான் தேய்கிறது. நெளிநெளியாக இருக்கும் ஃப்ளெக்ஸிபிள் பைப் இந்த இடத்துக்கு அருமையான பொருள். வளைய வேண்டிய திசையில் வளையும், அழுத்தினால் எளிதில் நசுங்காது. எந்த பிளாஸ்டிக் என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். மலிவான பாலிஎத்திலீன் பைப் 85 டிகிரி பக்கத்திலேயே தளர்ந்துவிடும், அது இன்ஜினுக்கு ஆகாது, டிக்கிப் பக்கம் போடலாம். பாலிப்ரோப்பிலீன் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரை சமாளிக்கும். நைலான் 125 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், இன்ஜின் மேல் போகும் கட்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான். பாலியஸ்டர் நூலில் வலைபோல் பின்னிய ஸ்லீவும் அதே அளவு சூடு தாங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் கூரான தகட்டு விளிம்பில் பைப் தரும் பாதுகாப்பை அது தராது. தகட்டில் துளை போட்டு வயர் போகிற இடத்தில் எந்த உறை போட்டாலும் துளையில் ரப்பர் கிராமெட், அதாவது விளிம்பை மூடும் ரப்பர் வளையம், இருந்தே ஆக வேண்டும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வண்டிகளில் அதிகம் தவறிப் போவது இங்கேதான். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் நனையும், மழை இல்லாத நாளில் மூடுபனி. தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று வயர்க் கட்டு முழுவதையும் பிவிசி இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். அது பலன் தராது, கெடுதலாகத்தான் முடியும். பகலில் 80 டிகிரியில் இருந்த கட்டு இரவில் 10 டிகிரிக்கு இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கியதை நிரப்ப வெளியிலிருந்து ஈரக் காற்றை இழுக்கும், டேப்பின் ஓரத்தில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்தே இழுக்கும். ஒரு தடவை உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. செப்புக் கம்பியின் மெல்லிய இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, கனெக்டர் வரைக்கும் போய் அங்கே பச்சை பூக்க வைக்கும். போதாததற்கு அந்த டேப்பின் பசை சூட்டில் இளகி, டேப் அவிழ்ந்து, தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கும்.

நீர் புகாமல் அடைக்க வேண்டியது வயரை இணைத்த இடத்தை மட்டும்தான். அதற்கு உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் இருக்கிறது, சூடு காட்டினால் சுருங்கிப் பசை உருகி வயரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மற்ற நீளம் முழுவதும் வடியும்படி இருக்கட்டும். வயரை உள்ளே நுழைக்க நீளவாக்கில் பிளவுள்ள பைப் போடுகிறீர்களா, பிளவு கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். கனெக்டருக்கு முன்னால் வயரைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். சுற்றியே தீர வேண்டும் என்றால் துணி டேப், அதிலும் வண்டி வயரிங்குக்கென்றே அக்ரிலிக் பசையோடு வருவதை வாங்குங்கள்.

எலிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும்போது, நிறுத்தி வைத்த வண்டியின் இன்ஜின் சூடு எலிக்குச் சொர்க்கம். இதுவரை சொன்ன பிளாஸ்டிக், துணி எதுவுமே அதன் பல்லுக்குத் தடையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை தடுக்கும், ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் பேட்டரி டெர்மினல் பக்கத்தில் போடவே போடாதீர்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சேர்த்த டேப்பும் கிடைக்கிறது.

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்கிற நினைப்பு. ஷாக் அடிக்காது, சரி, ஆனால் அந்தக் கேபிளில் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. தோல் தேய்ந்து பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், கேபிள் பழுத்துத் தீப்பிடிக்கும். செலவைக் குறைக்க வேறு எங்கே வேண்டுமானாலும் பாருங்கள், இந்தக் கேபிளுக்கு மட்டும் நைலான் பைப்பும், இரண்டு முனையிலும் டேப்பும், வழியெல்லாம் கிளிப்பும் கட்டாயம்.

பைப்பின் அளவுக்கு, கடைக்குப் போகும் முன் வயர்க் கட்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூல் 38 மில்லிமீட்டர் என்றால் கட்டு 12 மில்லிமீட்டர் விட்டம், உள்விட்டம் 13 அல்லது 14 உள்ள பைப் பொருந்தும். 20 வாங்கினால் வயர்கள் உள்ளேயே ஆடி ஒன்றையொன்று தேய்க்கும், 12 வாங்கினால் பிளவு வாய் பிளந்தபடியே நிற்கும்.