எப்போதும் நூறு சதவீதம் இருந்தால் பேட்டரிக்கு நல்லதா?

லேப்டாப் சர்வீஸுக்கு வருகிறவர்களில் பலர் பேட்டரியைப் பற்றிச் சொல்லும் புகார் ஒரே மாதிரி இருக்கும். "சார், இதை நான் வெளியே எடுத்துட்டே போறதில்லை. எப்பவும் சார்ஜர்லதான் கிடக்கும். ரெண்டே வருஷத்துல பேக்கப் அரை மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது." பேட்டரியைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தோமே என்ற வருத்தம் அவர்களுக்கு. பெரும்பாலும் அந்தப் பத்திரம்தான் அதைக் கெடுத்திருக்கும்.

இன்றைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி, 1991இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும்; புதிய மாடல்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த உச்சத்தில் நிற்கும்போது வேலையே இல்லாவிட்டாலும் செல்லுக்குள் வேண்டாத ரசாயன மாற்றங்கள் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முழுக்க நிரப்பிய பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்தால், அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 40 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே 40 டிகிரியில் பாதிக்கும் குறைவான சார்ஜில் வைத்திருந்தால் இழப்பு 15 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கத்திரி வெயில் நாட்களில் நம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்ன சூட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லேப்டாப்பின் உட்புறம் அதைவிடச் சூடு.

இதைச் சொன்னதும், "அப்போ சார்ஜர் போட்டுக்கிட்டே வேலை பார்க்கக் கூடாதா?" என்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். நிரம்பியதும் சார்ஜ் ஏறுவது நின்று, லேப்டாப் அடாப்டர் கரண்டில் ஓடும். நாள் முழுக்க நூறிலேயே நிற்பதை மட்டும் தடுத்தால் போதும், அதற்கான வசதி பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. லெனோவோவின் பல மாடல்களில் வான்டேஜ் செயலியில் 'கன்சர்வேஷன் மோடு', ஏசுஸில் மைஏசுஸ் செயலி, டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை). 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் மட்டும் நூறுக்கு மாற்றிக்கொள்ளலாம். 'எண்பதுக்கு மேல சார்ஜ் ஏறலை, பேட்டரி போச்சு' என்று எடுத்து வருகிறவர்களும் உண்டு. வீட்டில் வேறு யாரோ இந்த வசதியை ஆன் செய்திருப்பார்கள்!

சூட்டுக்கு வருவோம். மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. ஃபேனில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போவது எல்லாவற்றையும்விட மோசம்.

முழுக்க வடியவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. இப்போது 20 சதவீதத்துக்குக் கீழே போகும் முன் போட்டுவிடுவது நல்லது. பல மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வைத்து, இடையிடையே பாருங்கள். காலியாக பீரோவில் கிடந்த பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதன் பாதுகாப்பு சர்க்யூட் மறுபடி சார்ஜ் ஏறவே விடாது.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். அது உருவாக்கும் கோப்பில் 'டிசைன் கபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 45,000, இரண்டாவது 27,000 என்றால் உங்களிடம் மிச்சமிருப்பது 60 சதவீதம். மேக்புக்கில் சைக்கிள் கவுண்ட், அதாவது முழு சார்ஜ் அளவுக்கு இதுவரை எத்தனை முறை செலவழித்திருக்கிறோம் என்ற எண்ணைப் பாருங்கள். சமீப காலத்து மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் உச்ச வரம்பு 1,000.

டச்பேட் திடீரென்று மேலே எழும்பி, கிளிக் ஆகாமல் போனால் அது டச்பேட் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போட வேண்டாம், அமுக்கவோ ஊசியால் குத்தவோ கூடவே கூடாது. தீப்பிடிக்கும்.

புது பேட்டரி வாங்கும்போது லேபிளில் வாட் ஹவர் (Wh) எண்ணை, அதாவது கொள்ளளவைப் பழையதோடு ஒப்பிடுங்கள். அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றரை மடங்கு கொள்ளளவு, பாதி விலை என்றால் அது டூப்ளிகேட்டாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் வரும் எண்ணைக்கூட பேட்டரியின் சிப்பில் பொய்யாக எழுதிவைக்க முடியும் என்பதால், வாரன்டி பில் வாங்கிக்கொண்டு, முதல் வாரத்திலேயே நிஜமாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஓட்டிப் பாருங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. முனைகளில் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவர்களிடமோ கொடுத்துவிடுங்கள்.