எட்டுக்கு எட்டு: பிக்சல் எழுத்துரு வேலை செய்யும் விதம்

‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துருவை 12 பிக்சல் அளவில் வைத்தால் ஓரமெல்லாம் மங்குகிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த எழுத்து பிறந்த எந்திரத்தைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைத்துவிடும்.

1980களில் காசு போட்டு ஆடிய நாம்கோ ஆர்க்கேட் விளையாட்டுகளில் வந்த எழுத்துகளை ஒட்டி உருவானது அது. அவற்றுக்கும் மூத்தது, 1976இல் அடாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’ விளையாட்டின் எழுத்து. இவ்வகை எழுத்தின் அமைப்பு எளிது: எழுத்துக்கு 8 வரிசை, வரிசைக்கு 8 கட்டம், கட்டத்துக்கு ஒரு பிட் (0 அல்லது 1). மொத்தம் 8 பைட். ஆங்கில ‘ஏ’: 56, 108, 198, 198, 254, 198, 198, 0. இவற்றை இரும எண்ணாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 1 வரும் கட்டங்களைக் கறுப்பாக்கிப் பாருங்கள்.

இதைத் திரைக்குக் கொண்டுவரும் முறைதான் அபாரம். திரையின் முழுப் படம் நினைவகத்தில் எங்குமே கிடையாது. 256 × 224 புள்ளித் திரை 32 × 28 எழுத்துக் கட்டங்களாகப் பிரிகிறது. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்ற எண் மட்டும் 896 பைட்டில் இருக்கும். புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால்கூட 7,168 பைட் வேண்டியிருக்கும். பழைய குழாய்த் திரையில் படம் வரையும் எலக்ட்ரான் கற்றை ஒரு கோட்டில் ஓடும்போது, எழுத்தின் எண்ணையும் கோட்டின் எண்ணையும் வைத்து எழுத்து வடிவங்கள் பதிந்துள்ள, அழியாத ரோம் நினைவகத்திலிருந்து ஒரு பைட் வருகிறது. ஷிஃப்ட் ரிஜிஸ்டர் என்ற சுற்று அதை வாங்கி, ஒவ்வொரு பிட்டாகக் கற்றைக்குத் தள்ளுகிறது. முதலில் 32 எழுத்துகளின் உச்சிகள், அடுத்த கோட்டில் அவற்றின் இரண்டாம் வரிசைகள். இப்படி விநாடிக்கு 60 முறை.

ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 160 நானோவிநாடி. அதற்குள் கற்றை முழுப் பிரகாசத்தை எட்டாமல் போகலாம் என்பதால் ஒற்றைப் புள்ளி நெடுக்குக்கோடு மங்கும். படுக்கைக்கோட்டில் கற்றை தொடர்ந்து எரிவதால் மங்காது. நெடுக்குக்கோடு 2 புள்ளி, படுக்கைக்கோடு 1 புள்ளி என்ற தடிமன் இந்தக் குறையைச் சமாளிக்கிறது. எழுத்துகளுக்கு இடைவெளி போக 7 நிரலே (நெடுவரிசையே) மிச்சம். அதில் இரண்டு தடித்த கால்கள்தாம் அடங்கும். அதனால்தான் ‘எம்’மின் நடுக்கால் இளைத்திருக்கிறது. நம் ‘ண’வுக்கு இந்த 8 × 8 கட்டம் போதவே போதாது. தமிழ்க் கணிமைக்குப் பணம் ஒதுக்குவோர், சிறு திரைகளுக்கான இலவசத் தமிழ்ப் பிட்மேப் எழுத்துருக்களுக்கும் அவசியம் ஒதுக்க வேண்டும்.

இனி மங்கலுக்கு வருவோம். 12 பிக்சலில் ஒரு கட்டம் ஒன்றரைப் பிக்சலாகிறது. அரைப் பிக்சலைச் சாம்பல் நிறமாகத்தான் காட்ட முடியும். 8, 16, 24, 32 என்றே வையுங்கள். விண்டோஸில் 125% உருப்பெருக்கம் இருந்தால் 16-உம் கெடும்: அது 20 ஆகி, கட்டத்துக்கு 2.5 வரும். 32 வைத்தால் 40, கட்டத்துக்குச் சரியாக 5. அளவு சரியாக இருந்தும் மங்கினால், நடுவில் நிறுத்திய வரி அரைப் பிக்சலில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

சொந்தமாக வரைபவர்கள் எம் அளவை (எழுத்துருவின் உயரத்தை எத்தனை அலகாகப் பிரிப்பது என்ற எண்ணை) 1024 என வைத்தால் கட்டத்துக்கு 128 அலகு வரும். ஒட்டியுள்ள சதுரங்களை ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவே மயிரிழை வெண்கோடு தெரியும்.

எஸ்எஸ்டி1306 என்ற, திரையை இயக்கும் சில்லுள்ள 128 × 64 ஓஎல்இடி திரையில் இதே 8 பைட்டை அப்படியே அனுப்பினால் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து படுத்துவிடும். அந்தச் சில்லுக்கு ஒரு பைட் என்பது நெடுக்காக 8 புள்ளி, மேல் புள்ளி 0ஆம் பிட். எனவே ஒவ்வொரு வரிசையின் இடக்கோடி பிட்டையும் மேலிருந்து கீழாக 0, 1, 2 என அடுக்கி முதல் பைட்டை உருவாக்க வேண்டும். ‘ஏ’வுக்கு அது 124. மற்ற 7 நிரல்களுக்கும் அப்படியே.