பாதயாத்திரை அன்னதானம்: சோறு போதும், உப்பும் சோப்பும் கொடுங்கள்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் யாரும் பசியோடு நடப்பதில்லை. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் பந்தலுக்குப் பந்தல் கூப்பிடும் தூரம்தான். ஒன்றில் வெண்பொங்கல், அடுத்ததில் லெமன் சாதம், எதிர்ப்புறம் கேசரி, கொஞ்சம் தள்ளி சுக்கு காபி. "சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மதுரை என்று எங்கெங்கிருந்தோ நடந்து வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் காட்டும் இந்த உபசரிப்பை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

ஆனால் நான் பொது மருத்துவன். தை மாதம் வந்தால் இந்தச் சாலையோர மருத்துவ முகாம்களில் உட்காருகிறவன். அன்னதானக் கமிட்டிக்காரர்கள் பந்தலின் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள். சாப்பிட்டவர் இரண்டு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதை நான் பார்க்கிறேன். முகாமுக்கு வருகிறவர்களில் பசி மயக்கத்தோடு வந்தவர் என்று ஒருவரைக்கூடச் சொல்வது கஷ்டம். பாதக் கொப்புளம், தொடை உரசல், கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுற்றல், வாந்தி, இவைதான் வழக்கமாக வருபவை. இவற்றில் வாந்தியும் கால்பிடிப்பும் ஓரளவுக்கு நாம் கொடுப்பதாலும், கொடுக்காமல் விடுவதாலும் வருபவை.

முதலில் சோறு. கலந்த சாதம்தான் இங்கே அரசன். விடியற்காலை 3 மணிக்கு அண்டாவில் வடித்து, சூட்டோடு கிளறி, அப்படியே பொட்டலம் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். கூட்டம் வருவது 10, 11 மணிக்கு. ஒருமுறை அப்படி ஒரு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே இருந்த பொட்டலம் ஆறியிருந்தது, நடுவில் இருந்தது வெதுவெதுப்பாக, தாளின் உட்பக்கம் வியர்த்துக்கொண்டிருந்தது. கிருமி வளர இதைவிடத் தோதான இடம் கிடையாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் உலையிலும் அவை சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதனால்தான். அந்த நஞ்சு சூட்டுக்கும் அழியாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். "மறுபடி நல்லா சூடு பண்ணித்தான் டாக்டர் கொடுத்தோம்" என்பார்கள். சூடு பண்ணியது உண்மையாகவே இருக்கும். பிரயோஜனம்தான் இருக்காது.

கணக்கு எளிது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆவி பறக்க இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் ஆபத்து. சாலையோரப் பந்தலில் குளிர்சாதனத்துக்கு வழியில்லை. ஆகவே ஒரே மூச்சில் பெரிய அண்டா வைக்காமல், சிறு சிறு சட்டிகளில் ஒன்று தீரத் தீர அடுத்ததை ஏற்றி, அடுப்பிலிருந்து இறக்கியதும் பரிமாறிவிட வேண்டும். பொட்டலம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புளியோதரை. புளியின் அமிலமும் உப்பும் கிருமியை மட்டுப்படுத்தும், நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிய புளிக்காய்ச்சலில் தண்ணீரும் குறைவு. நம் பாட்டிமார்கள் கட்டுச்சோற்றுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அதையும் காலையில் கட்டி இரவில் கொடுக்கச் சொல்லவில்லை. தேங்காய் சாதத்தை மட்டும் தயவுசெய்து பொட்டலமாகக் கட்டாதீர்கள்.

இந்த வாந்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. நடக்கிறவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறார். முருகன் பெயரைச் சொல்லி நீட்டும் தொன்னையை எப்படி மறுப்பது? ஆளுக்கு ஒரு வாய் என்று ஐந்து பந்தலில் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்தால், சோறு சுத்தமாக இருந்தாலும் வயிறு புரட்டத்தான் செய்யும். குன்றக்குடியிலிருந்து காவடியோடு வரும் நகரத்தார் குழுக்களைப் பாருங்கள். அவர்களுக்கு எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்த வழக்கம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஓய்வு. கண்ட இடத்தில் கை நீட்டுவது குறைவு, முகாமில் நான் அவர்களைப் பார்ப்பதும் குறைவு.

அடுத்தது உப்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் புலம்புவேன். தை மாதம் இரவில் பனி கொட்டினாலும் பகலில் தார்ச்சாலை கொதிக்கும். நாள் முழுக்க நடப்பவர் வியர்வையில் தண்ணீரோடு சோடியத்தையும் இழக்கிறார். நாம் அவருக்குக் கொடுப்பது என்ன? தண்ணீர், அப்புறம் கலர் பொடி கரைத்த சர்க்கரைத் தண்ணீர். இரண்டிலும் உப்பு இல்லை. கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது. உடனே பக்கத்தில் இருப்பவர் "தண்ணி குடிங்க சாமி" என்று இன்னொரு பாட்டிலை நீட்டுகிறார். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். முற்றினால் குழப்பமாகப் பேசுவார், வலிப்புகூட வரலாம். அந்த நிலையில் வாயில் மேலும் தண்ணீர் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெறும் தண்ணீருக்குப் பதில் கொடுக்க வேண்டியது ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்த ஓஆர்எஸ் பாக்கெட்டில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் ஒரு பாக்கெட்டைக் கொட்டிக் குலுக்கிக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அது தப்பு. அட்டைப்பெட்டி ஜூஸ்களில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற காலமும் உண்டு. இந்தச் சூத்திரத்தில் இல்லாத எதற்கும் அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. ஆகவே மொத்தமாக வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்து அளவைப் பாருங்கள். பாக்கெட் இல்லையா, உப்புப் போட்ட நீர்மோர் போதும். மோரில் விடும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் கட்டியை உடைத்து அதில் போடாதீர்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்புக் கரைசல் விஷயத்தில் கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது பெண்கள் விஷயம். நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா, மதுரைப் பக்கம், இரண்டு காலும் பிடித்துக்கொண்டு முகாமுக்குத் தூக்கி வரப்பட்டார். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மகள்தான் பதில் சொன்னாள்: "குடிச்சா எங்க சார் போறது?" அவ்வளவுதான் விஷயம். கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள், குடித்ததையும் அடக்கி வைக்கிறார்கள். பூசம் முடிந்த பிறகு என் கிளினிக்குக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று வருகிறவர்களில் பாதயாத்திரை போய்வந்த பெண்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுக்குப் பதினோராவது வகை சாதம் தேவையில்லை, கதவில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை தேவை.

சர்க்கரை நோயாளிகள் கதை வேறு. வழியெல்லாம் சாப்பாடு கிடைக்கும் என்ற தைரியத்தில் கையில் எதுவுமே இல்லாமல் கிளம்புகிறார்கள். பகலில் கிடைக்கும், உண்மைதான். அதிகாலை 3 மணிக்குப் பந்தலில் அண்டா கவிழ்ந்திருக்கும், ஆட்கள் போர்த்திப் படுத்திருப்பார்கள். நாளெல்லாம் நடந்த உடம்பில் சர்க்கரை இரவிலும் இறங்கிக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அந்த நேரத்தில் 70-க்குக் கீழே போனால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நடையே தடுமாறும். "குடிச்சிருக்கான் போல" என்று ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பகலில் இதற்கு நேர் எதிர். பொங்கலும் கேசரியுமாகச் சாப்பிட்டு 350, 400 என்று வந்து நிற்பார்கள். சுண்டலும் அவித்த கடலையும் கொடுக்கும் பந்தல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இலவசமாகக் கிடைப்பதை நம்பித் தயாரிப்பில்லாமல் வருவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகும் அப்பலேச்சியன் தடம் சுமார் 3,500 கிலோமீட்டர். மாதக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வழியோரத்தில் பழமும் ரொட்டியும் குளிர்பானமும் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தடத்தைப் பராமரிக்கும் அமைப்பு, ஆள் இல்லாமல் உணவை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. கரடி வந்து பழகிவிடும், குப்பை சேரும். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் தடத்தில் பாலைவனப் பகுதிகளில் தன்னார்வலர்கள் தண்ணீர் கேன்கள் வைப்பார்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள் என்று அங்கேயும் சொல்கிறார்கள், காலி கேனைப் பார்த்துக்கொண்டு நடுப் பாலைவனத்தில் நிற்க நேரிடும் என்பதால். இரண்டு தடங்களிலுமே நடப்பவர்களிடையே நோரோவைரஸ் வாந்திபேதி பரவியிருக்கிறது. அந்த வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். நம் பந்தல்களில் கை கழுவக் குழாய் இருந்தால் சோப்பு இருப்பதில்லை. பரிமாறுகிறவர் வெறுங்கையால் அப்பளத்தை எடுத்து வைத்துவிட்டு, அதே கையில் ரூபாய் நோட்டை வாங்கி உண்டியலில் போடுகிறார்.

நமக்குக் கரடித் தொல்லை இல்லை, லாரித் தொல்லை இருக்கிறது. நடப்பவர்கள் வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் பந்தல் போட்டால், ஒரு தொன்னைச் சோற்றுக்காக நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வைக்கிறோம். இரவில், தூக்கக் கலக்கத்தில், கால்வலியோடு. ஓடும் டெம்போவிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை வீசுவது இன்னும் மோசம், குழந்தைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். இதை யார் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சட்டப்படியும் ஒரு வேலை இருக்கிறது. அன்னதானம் கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான், ஆன்லைனிலேயே முடியும். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பாக்குமட்டைத் தட்டு கொஞ்சம் விலைதான், இரண்டு வகைச் சாதத்தைக் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும்.

இதையெல்லாம் ஒரு கமிட்டியில் பேசியபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "டாக்டரய்யா, கக்கூஸ் கட்டி விட்டா அதை அன்னதானம்னு நோட்டீஸ்ல எப்படிப் போடுறது?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவருடைய அப்பா நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் அது. அண்டாவில் கரண்டி போடாமல் அந்தக் கடன் தீராது. நானும் அண்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்து வகையை இரண்டாக்கி, மிச்சப் பணத்தில் நீர்மோர்ப் பானையும், தண்ணீர்த் தொட்டியும், சோப்பும், பெண்களுக்கு ஒரு நடமாடும் கழிப்பறையும் வைக்கலாமே என்றேன். அடுத்த பூசத்துக்கு வைத்தார்கள். முதல் நாள் மதியத்துக்குள் பெண்கள் வரிசை பந்தல் வரிசையைவிட நீளமாகிவிட்டது. இரவு தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, காலையில் யாரும் உள்ளே போக முடியாத நிலை. அதற்காக மறுபடி ஒரு கூட்டம், மறுபடி ஒரு சண்டை. இப்போது டிராக்டர் டேங்கருக்குத் தனியாக ஒரு ஆள் பொறுப்பு.

இந்த ஆண்டு பந்தல் போட நினைப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். பழனியை ஒட்டிய கடைசி சில கிலோமீட்டரில் இன்னொரு பந்தல் வேண்டாம். ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதியில், நள்ளிரவு முதல் விடியல் வரை விளக்கோடு திறந்திருக்கும் ஒரு பந்தல் போதும். அங்கே சுக்கு காபி, சுண்டல், ஓஆர்எஸ், கால் கழுவத் தண்ணீர், கொப்புளத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சும் மருந்தும், படுக்க ஒரு தார்ப்பாய். கழிப்பறை வைத்தால் அதைக் கழுவுகிறவருக்கு இரவு ஷிப்டுக்குத் தனிக் கூலி, கையுறை, முதல் பந்தியில் சாப்பாடு ஆகியவற்றையும் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.