பேசின்: வடிநிலமா, படுகையா?

பேசின் என்றதும் கை கழுவும் தொட்டிதான் ஞாபகத்துக்கு வரும், சென்னைக்காரர்களுக்கு சென்ட்ரல் வருவதற்குள் ரயில் சும்மா நின்றுவிடும் பேசின் பிரிட்ஜ். பழைய பிரெஞ்சில் வாயகன்ற பாத்திரத்துக்கு இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய், அப்புறம் பள்ளமான நிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

நிலவியலில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் குழப்பம். பெய்த மழை வடிந்து ஓர் ஆற்றில் வந்து சேரும் நிலப்பரப்பும் பேசின், தரை இறங்கி அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணலும் சேறும் அடுக்கடுக்காகச் சேர்ந்த இடமும் பேசின். முன்னது வடிநிலம், சரி. பின்னதையும் செய்திகளில் வடிநிலம் என்று எழுதுகிறார்களே, அதுதான் தப்பு. காவிரி வடிநிலம் குடகில் ஆரம்பிக்கிறது; எண்ணெய் எடுக்கும் காவிரி பேசினோ புதுச்சேரிப் பக்கம் தொடங்கி ராமநாதபுரம் வரை கரையோரமாக வந்து கடலுக்குள்ளும் நீள்கிறது. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது என்பதற்காகக் குடகில் போய்த் துளைத்தால் வெறும் கருங்கல்தான்.

பின்னதற்குப் படுகை என்பதே சரி. கொள்ளிடக் கரையில் நாதல்படுகை என்றே ஓர் ஊர் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் அதிகம் திறந்தால் முதலில் மூழ்குகிற ஊர்களில் ஒன்று. ஆறு கொண்டுவந்த வண்டல் படுத்துக் கிடக்கும் நிலத்தை டெல்டாக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், பூமிக்கடியில் நடந்திருப்பதும் அதேதான், அளவுதான் பெரிது. துல்லியம் வேண்டுமென்றால் படிவுப் படுகை.

மன்னார் வளைகுடா இதற்கு நல்ல உதாரணம். தென்கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவும் இலங்கையும் விலகப் பார்த்து, முழுசாகப் பிரியாமல் நின்றுபோனதில் உண்டான பள்ளம் அது, வண்டல் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்திருக்கிறது. 2011இல் டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டார்கள். டொராடோவில் கடல் ஆழம் மட்டுமே 1,350 மீட்டருக்கு மேல், அதற்குக் கீழேதான் துளைக்கவே ஆரம்பிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே முதலில் கப்பலிலிருந்து ஒலியலை அனுப்பி எதிரொலியை வைத்துப் பாறை அடுக்குகளைப் படம் பிடிப்பது. எண்ணெய் விளைந்த தாய்ப்பாறை, அது வந்து தங்கும் துளையுள்ள பாறை, மேலே கசியாமல் மூடும் பாறை, எல்லாம் ஒரே இடத்தில் அமைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிணறு குறைவான படுகையில் இதில் பாதி ஊகம்தான். அதனால் 'மன்னாரில் இவ்வளவு இருப்பு' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். துளைத்து உறுதிசெய்து, லாபமாக எடுக்க முடியும் என்றானதுதான் இருப்பு. படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டது வெறும் வாய்ப்பு வளம்.