சுவரும் சேர்ந்து பாடும்

புது ஸ்பீக்கர் வாங்கி வந்து, டிவி மேசைக்கு இரண்டு பக்கமும் வைத்து, ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "யாருடா அது, பக்கத்து வீட்டுல உரல் இடிக்கிறது?"

உரல் இல்லை, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம். கடையில் தனித்தனியாக விழுந்த அடிகள் எங்கள் ஹாலில் ஒன்றோடொன்று குழைந்து 'தொம்'மென்று இழுத்தன. அங்கே ஸ்பீக்கர் நடு அறையில் ஸ்டாண்டின் மேல் நின்றது. இங்கே அதன் முதுகு சுவரை உரசிக்கொண்டிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் முன்பக்கம் மட்டும் பாடுகிறது என்று நினைக்கிறோம். மெல்லிய கீச்சொலிகளுக்கு அது ஏறக்குறைய உண்மை. 10,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை செ.மீ.; பெட்டியின் முகப்பே அதை முன்னால் தள்ளிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 3.4 மீட்டர். 20 செ.மீ. அகலப் பெட்டி அதற்கு ஆற்றில் நட்ட குச்சி மாதிரி. சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும். பின்னால் வெட்டவெளி என்றால் போனது போனதுதான். சுவர் இருந்தால் திரும்பி வந்து முன்னால் போகும் ஒலியோடு சேர்ந்துகொள்ளும். ஒட்டியிருக்கும் ஒரு சுவரால் அதிகபட்சம் 6 டெசிபெல் கூடும், அதாவது ஒலியழுத்தம் இரண்டு மடங்கு. மூலையில் வைத்தால் இன்னொரு சுவரும் சேரும். அதுவும் நம் ஊர்ச் செங்கல் சுவர், ஜிப்சம் பலகைச் சுவரைப் போலக் கனத்த ஒலியைக் கசியவிடாது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்.

இது தயாரிப்பவருக்குத் தெரியாதா? தெரியும். வெட்டவெளியில் பின்னால் போய் வீணாகும் பாஸை, அதாவது கனத்த ஒலியை, ஈடுகட்ட, பலரும் ஸ்பீக்கருக்குள்ளேயே அதைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். அப்படிப்பட்டதைச் சுவரோடு ஒட்டுவது, குழம்புக்கு உப்பைச் சரியாகப் போட்டுவிட்டு அப்புறம் கருவாட்டை அள்ளிப் போடுகிற கதை.

"பின்னால் ஓட்டை இருந்தால் சுவரோரம் வைக்கக் கூடாது, முன்னால் ஓட்டை இருந்தால் வைக்கலாம்" என்று கடைகளில் சொல்வார்கள். இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த ஓட்டையிலிருந்து வருவதும் கனத்த ஒலிதான். முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அறை முழுக்கப் பரவத்தான் போகிறது. பின்னால் காற்று போய்வரச் சில செ.மீ. இடைவெளி விட்டால் போதும். பார்க்க வேண்டியது ஓட்டையே இல்லாத பெட்டியா என்பதை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர் அந்த வகை. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஹெர்ட்ஸ் இறங்க இறங்க அதன் பாஸ் மெதுவாகக் குறையும். சுவர் தருவது அந்தக் குறைவை நிரப்பிவிடும். ஓட்டை வைத்த பெட்டியோ பாஸை முடிந்தவரை தாங்கிப் பிடித்து, பிறகு சட்டென்று விழும். அதன் மேல் சுவரும் சேர்ந்தால் மேடு தட்டும். சில நிறுவனங்கள் ஓட்டையை அடைக்கப் பஞ்சு அடைப்பான் கொடுக்கின்றன. எனக்குக் கொடுக்கவில்லை. சுருட்டிய சாக்ஸே அந்த வேலையைப் பார்க்கிறது.

சரி, சுவரை விட்டு நகர்த்திவிட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் முக்கால் மீட்டர் முன்னால் இழுத்தேன். உரல் நின்றது, கூடவே பாடகரின் குரலிலிருந்த கனமும் காணாமல் போனது. சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி, நேராகப் போகும் ஒலியைவிட அரை அலைநீளம் பின்தங்கினால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை ஸ்பீக்கர் முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால், எந்த ஒலி அடிபடும் என்று தெரிந்துவிடும். முக்கால் மீட்டருக்கு 114 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளம் இருப்பதே அங்கேதான். இந்தப் பள்ளத்தை டோன் குமிழைத் திருகி நிரப்பவும் முடியாது, ஏனென்றால் ஒலியை ஏற்றினால் அதை அழிக்கும் எதிரொலியும் கூடவே ஏறும்.

ஏஆர்-1-ஐச் செய்த அதே ஏஆர் நிறுவனத்தில் வேலை பார்த்த ராய் அலிசன் 1974-இல் இதை விரிவாக எழுதினார். பிறகு தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, சுவரோடு ஒட்டி வைப்பதற்கென்றே ஸ்பீக்கர் செய்தார். தந்திரம் எளிது: பாஸைப் பாடும் பெரிய கூம்பான ஊஃபர் சுவருக்கு மிக அருகில் இருந்தால், பள்ளம் அது பாடும் எல்லைக்கு மேலே போய்விடும். சாதாரணப் பெட்டியிலும் இது ஓரளவு நடக்கும். 25 செ.மீ. ஆழமுள்ள பெட்டியை 5 செ.மீ. இடைவெளியோடு வைத்தால் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தொப்பியும் தப்பிக்கும், குரலின் அடித்தளமும் தப்பிக்கும். கூடிப்போன பாஸைக் குமிழில் குறைத்துக்கொள்ளலாம். கூடியதைக் குறைப்பது இல்லாததை ஏற்றுவது மாதிரி அல்ல. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பள்ளம் 43 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, சின்ன ஸ்பீக்கர்களில் தெரியவே தெரியாது. ஆனால் அத்தனை இடம் எந்த ஃபிளாட்டில் இருக்கிறது?

வாங்கப் போகிறவர்கள் ஒரு கச்சேரிப் பதிவை போனில் எடுத்துப் போங்கள். "அண்ணே, இதைச் சுவரோட ஒட்டி வச்சு ஒரு தடவை போடுங்க" என்று கேளுங்கள். தனி ஆவர்த்தனம் வரும்போது, வலந்தலையை விட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் கவனியுங்கள். ஒரு அடி முடிந்து அடுத்தது தொடங்குவது பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள்.